ஹைப்ரிட் கார் ஏற்றத்தில் சூடாகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பத்து வருடம் ஓடிய பெட்ரோல் ஹைப்ரிட் கார். இதில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, எல்லை மீறினால்தான் சிவப்பு விளக்கு எரியும். அதனால் காரின் கணினியிலிருந்து அளவுகளை எடுத்துக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டி, எஞ்சின் சூட்டைப் போனில் பார்த்தபடிதான் ஓட்டுகிறேன்.

சமதளத்தில் 88, 90 டிகிரியில் நிற்கிறது. ஏற்றத்தில் ஐந்து நிமிடம் போனால் 106 ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஹீட்டரைப் போட்டால் சில்லென்ற காற்றுதான் வருகிறது! சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஹீட்டருக்கு வராதபடி உள்ளே காற்று அடைத்திருக்கிறதா, இல்லை அதை ஓட்டும் வாட்டர் பம்ப் சரியாகச் சுற்றவில்லையா? பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, பெல்ட் கிடையாது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்வெர்ட்டரின் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) தனி கூலன்ட் டேங்கில் அளவு அப்படியே இருக்கிறது. எஞ்சின் டேங்கில் மட்டும் இரண்டு வாரத்தில் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றியாகிவிட்டது.

எனக்குப் பயமே ஹெட் கேஸ்கெட்தான் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு); அது போனால் கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி வண்டி உதறுகிறது. எரிந்த புகை கூலன்டில் கலந்தால் மஞ்சளாக மாறும் நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதனை செய்தேன், மாறவில்லை. ஆனால் நடுவில் எஞ்சின் தானாக அணைந்துகொண்டே இருந்தது, அதனால் நம்ப மனம் வரவில்லை. மெயின்டெனன்ஸ் மோடில் வைத்து, எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிட்டு மறுபடி பார்க்கட்டுமா? அல்லது முதலில் சிலிண்டர்களுக்குக் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைப் பார்ப்பதா?

இதே உதறலோடு ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) அடைப்பைச் சந்தித்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அதுவரை வண்டியை ஏற்றத்துக்குக் கொண்டுபோகப் போவதில்லை.