மொரிஸ் மைனர்: கொயில் கொதிக்குது, நெரிசலில நிண்டு போகுது. உதவி தேவை

மைனர்_வெள்ளவத்தை:
வணக்கம் அண்ணாமார். 1964 மொரிஸ் மைனர், 1098 சிசி, அப்பான்ர வண்டி. காலையில ஒரே திருப்பில ஸ்ரார்ட் ஆகும். காலி வீதி நெரிசலில அரை மணித்தியாலம் ஊர்ந்தால் இடறி இடறி, பம்பலப்பிட்டிச் சந்தியில நிண்டிடும். பொனற்றைத் திறந்தால் கொயிலில (பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கிற சுருள்) கை வைக்க ஏலாது. ஆறவிட்டால் திரும்ப ஓடும். கொயில் புதுசு, பஞ்சிகாவத்தையில வாங்கினது. இவ்வளவு சூடு வழமையோ?

பழைய_கராஜ்:
தம்பி, கொயில் சூடாகிறது இயல்புதான், ஆனா கை வைக்க ஏலாத சூடு சரியில்லை. அடுத்த முறை நிண்ட இடத்திலயே ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க்கைப் பாருங்கோ. பளிச்செண்டு நீலமா அடிச்சால் கொயிலை விட்டிட்டு பெற்றோல் லைனைப் பாருங்கோ, அங்க ஆவி கட்டியிருக்கும். ஸ்பார்க் மெலிஞ்சிருந்தால், கொயில் நல்லா ஆறினாப் பிறகு ரெண்டு சின்ன வயரையும் கழற்றி, அந்த ரெண்டு முனைக்கும் இடையில ஓம் அளவுங்கோ. சூட்டோட அளந்தால் ஏமாத்தும்: 50 பாகை கூடினால் செம்புக் கம்பியின்ர தடை ஐந்திலொரு பங்கு ஏறிடும்.

மைனர்_வெள்ளவத்தை:
ஸ்பார்க் மஞ்சள், மெல்லிசு. மீற்றர் 1.5 ஓம் காட்டுது.

பழைய_கராஜ்:
அதுதான் விசயம். உது பலாஸ்ற் ரெசிஸ்ரரோட (கொயிலுக்குப் போற கரண்டைக் குறைக்கிற தடை) ஓட வேண்டிய கொயில். உங்கட வண்டிக்கு ரெசிஸ்ரர் இல்லை, 3 ஓம் கொயில்தான் வேணும். 12 வோல்ற்றில 3 ஓம் எண்டால் 4 அம்பியர், 48 வாற். 1.5 ஓம் எண்டால் 8 அம்பியர், 96 வாற். பொயின்ற் (கொயிலின்ர கரண்டை மூடித் திறக்கிற சுவிச்சு) மூடியிருக்கிற நேரமெல்லாம் இவ்வளவு வெப்பமும் அந்த டப்பாவுக்குள்ளதான். வேகமா ஓடேக்க கரண்ட் முழுசா ஏற முந்தியே பொயின்ற் திறந்திடும். ஊரேக்க முழுசா ஏறி நிக்கும். நெரிசலில மட்டும் நிக்கிறதுக்குக் காரணம் இதுதான். என்ஜின் நிண்டாப் பிறகு திறப்பை ஓனில விடவே வேண்டாம், பொயின்ற் மூடியிருந்தால் கொயில் சும்மா இருந்தே வெந்திடும்.

தெஹிவளை_ஒஸ்ரின்:
பொயின்ற்றையும் பாருங்கோ, 8 அம்பியரில கருகியிருக்கும். இடைவெளி 15 தௌ (அங்குலத்தின்ர ஆயிரத்தில 15 பங்கு) வையுங்கோ. குறைஞ்சால் மூடியிருக்கிற நேரம் கூடி, சூடும் கூடும். பொசிற்றிவ் ஏர்த் வண்டியெண்டால் (பற்றரியின்ர பிளஸ் பொடியோட இணைஞ்சது) கொயிலின்ர பிளஸ் முனைதான் பொயின்ற் இருக்கிற டிஸ்ரிபியூற்றருக்குப் போகவேணும்; மாறியிருந்தால் ஸ்பார்க் நலியும்.

மைனர்_வெள்ளவத்தை:
3 ஓம் கொயில் போட்டாச்சு. பொயின்ற் கருகித்தான் இருந்தது, மாத்தினன். முனைகளும் மாறியிருந்தது. மருதானை மட்டும் நெரிசலுக்குள்ள போய் வந்தன், நிக்கேல்ல. கொயிலில கை வைச்சிருக்க ஏலுது. கண்டென்சர் (பொயின்ற் கருகாமல் காக்கிற சாமான்) பழசு, அதையும் மாத்தட்டோ?

பழைய_கராஜ்:
மாத்துங்கோ. சூடேறினால் கைவிடுற சாமான்தான் அது. பழசு வேலை செய்தால் டாஷ் பெட்டியில போட்டு வையுங்கோ.