புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோகும் பழைய பைக், காரணம் டேங்க் மூடி

1994 மாடல் 100 சிசி பைக், ஏழெட்டு கிலோமீட்டர் ஓடியதும் இழுக்காமல் நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஸ்பார்க் பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பாகம்) புதிதாகப் போட்டும் சரியாகவில்லை. பழைய பிளக்கின் முனை வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்பதற்கான அடையாளம் அது, நான்தான் கவனிக்கவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் வாங்க, சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போனதும் வீண்.

"நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதே பலித்தது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது வழக்கம்போல் நின்றது. ஓரங்கட்டி மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. அடுத்த உதையில் ஸ்டார்ட்! மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் காற்று போகாது, பெட்ரோலும் கீழே இறங்காது.

உறுதி செய்ய, வீட்டில் கார்புரேட்டரின் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வடிகால் திருகைத் தளர்த்தினேன். டேங்க் மூடி போட்டிருந்தால் பெட்ரோல் சிறிது நேரத்தில் சொட்டுச் சொட்டாகிறது. திறந்தால் கடகடவென்று கொட்டுகிறது. பழைய கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையால் மூடியின் காற்றுத் துளையைக் குத்தினேன். வந்தது துரு இல்லை, காய்ந்த பாலிஷ். போன மாதம் ஆசையாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியது நானேதான்.

அப்புறம் ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. காயில் இன்னும் பெட்டியில் இருக்கிறது.