அந்தக் கிரேயான் ஊதாவா, கத்தரிப்பூவா?

மேலமாசி வாசகன்:
நேற்று இங்கே ஒருவர், "படப்புத்தகம் காட்டினால் பிள்ளை காப்பிதான் அடிக்கும், கற்பனை வராது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். குரோக்கெட் ஜான்சன் 1955-இல் எழுதி வரைந்த ஹெரால்டு என்ற பொடியனின் படக்கதையை அவர் பார்த்ததுண்டா? நிலா இல்லையா, பொடியன் வரைந்துகொள்கிறான். நடக்கப் பாதை இல்லையா, அதையும் வரைகிறான். தான் வரைந்த டிராகனைப் பார்த்துத் தானே பயந்து பின்வாங்கும்போது, முதுகுக்குப் பின்னால் கை நடுங்கி நெளிநெளியாய்க் கோடு விழுகிறது. அந்தக் கோடே கடலாகிவிடுகிறது! எல்லாம் ஒரே ஒரு ஊதா கிரேயானால். அதைப் பார்த்த அன்றே என் மகள் வீட்டுச் சுவரில் வைகையை வரைந்தாள். தண்ணீரோடு.

திருமங்கலம் டீச்சர்:
அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். அது ஊதா இல்லை, கத்தரிப்பூ நிறம். எங்கள் பக்கம் ஊதா என்றால் நீலம். "ஊதா கடல்" என்று வகுப்பில் சொன்னால், "கடல் ஊதாதானே டீச்சர், இதில் என்ன அதிசயம்" என்பான் பையன். கதையே செத்தது.

மேலமாசி வாசகன்:
அகராதியைப் பாருங்கள் டீச்சர்.

திருமங்கலம் டீச்சர்:
அகராதி போட்டவர் கத்தரிச் செடியைப் பார்த்தாரா? 28 வருஷம் ஊதா மை என்று சொல்லி நீல மைதான் வாங்கிவரச் சொன்னேன். ஒரு பிள்ளையும் மாற்றி வாங்கியதில்லை.

வண்டியூர் வரைகாரன்:
நிறத்தை விடுங்கள். சென்னைப் பதிப்பகம் தாரா புக்ஸ் போட்ட, கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்கள் புத்தகம் (2006) என்னிடம் இருக்கிறது. கையால் செய்த கறுப்புத் தாள், அதன்மேல் ஸ்கிரீன் அச்சு. தடவினால் மை விரலில் தட்டுப்படும். வகுப்பில் காட்டிவிட்டுக் கறுப்புச் சார்ட்டும் சாக்பீஸும் கொடுத்தேன். ஒருத்தன் வேப்பமரத்தில் இலைக்குப் பதில் மீன் தொங்கவிட்டான். இது காப்பியா?

திருமங்கலம் டீச்சர்:
காப்பிதான். கோண்டு மரத்துக்குள் பாம்பும் மானும் இருக்கும், இவன் மீனைப் போட்டான், அவ்வளவுதான். மீன் என்ன நிறம் தம்பி, ஊதாவா?

வண்டியூர் வரைகாரன்:
வெள்ளை. சாக்பீஸ் டீச்சர், சாக்பீஸ்.

புதூர் அப்பா:
நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்காரவையுங்கள், சண்டை தீரும். அப்புறம் மேலமாசி அண்ணே, போன தடவை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் என்னிடம் வாங்கிய 200 ரூபாய்?

மேலமாசி வாசகன்:
அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? நீங்கள் கொண்டுபோன என் மகளின் புத்தகம் அட்டை கிழிந்து வந்தது. அதைச் சொன்னேனா?

திருமங்கலம் டீச்சர்:
பணத்தைத் தனியாகப் பேசுங்கள். நிறத்துக்கு வாருங்கள். என் மொட்டைமாடித் தொட்டியில் கத்தரி பூத்திருக்கிறது. காலையில் படம் எடுத்துப் போடுகிறேன்.

மேலமாசி வாசகன்:
போடுங்கள். ஊதாவாகத்தான் இருக்கும்.

புதூர் அப்பா:
அண்ணே, அந்த 200?