மின் பிக்கப்பின் 'வைன்' ஒலி: ரீங்காரமா, முரல்வா, அழுங்கலா?

திருவாரூர், தொழிற்பயிற்சி:
அன்பர்களே, மின் பிக்கப்புக்கான (மின்சாரத்தில் ஓடும் சிறு சரக்கு வண்டி) பழுதறி அட்டவணை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறும் 'வைன்' ஒலிக்கு ஒரு சொல் தாருங்கள். எல்லாவற்றையும் 'இரைச்சல்' என்று எழுதினால் பழுது பிரிபடாது. கியர்ப் பல் தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்கும். சக்கர பேரிங் போயிருந்தால் மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். வண்டியை வலப்பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடப்பக்க பேரிங்கைப் பார்க்க வேண்டும். பேரிங்குக்கு 'உறுமல்' என்று போட்டுவிட்டேன். கியருக்கு?

கும்பகோணம்:
ரீங்காரம். தேனீ பறப்பதைக் கேட்ட எவருக்கும் விளங்கும்.

மன்னார்குடி:
அம்மா, மொழிமுதலில் ரகரம் வராது. 'இரீங்காரம்' என்று இகரம் சேர்த்தாலும் அது நம் சொல்லாகிவிடாது. வண்டுக்குச் சங்கப் பாடல்களில் முரல்தலும் இமிர்தலும் நிறைய உண்டு. முரல்வு என வைக்கலாம். அதைவிடப் பொருத்தமானது ஒன்று இருக்கிறது. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருள், அதாவது ஒலிப் பொருள் என்கிறது தொல்காப்பிய உரியியல். அடுத்த நூற்பாவிலேயே அழுங்கலுக்கு மட்டும் இரக்கம், கேடு என்று இன்னும் இரு பொருள். ஒலியும் கேடும் ஒரே சொல்லில்! பழுதொலிக்கு வேறென்ன வேண்டும்?

நாகப்பட்டினம், பணிமனை:
அந்தக் 'கேடு' என்பதில்தான் சிக்கல், ஐயா. இன்வெர்ட்டர், அதாவது மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி, பேட்டரி மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கிறது. வண்டி கிளம்பும்போது அந்த ஒலி மெல்லக் காதில் விழும். அது பழுதே இல்லை. அழுங்கல் என்று அச்சிட்டால் நல்ல மோட்டாரை இறக்கி வைத்துவிடுவார்கள். லோடு ஏற்றிவரும் ஓட்டுநர் 'உய்ங்ங்னு கேக்குது' என்றுதான் சொல்கிறார். அவர் வாயில் வராத சொல்லை மாணவன் எப்படிப் பொருத்துவான்? என் ஓட்டு ரீங்காரத்துக்கு.

கும்பகோணம்:
'டக்', 'டகடக' இரண்டையும் அட்டவணையில் தனித்தனியே போடுங்கள். சாவி போட்டதும் இரண்டு மூன்று டக் கேட்டால் கான்டாக்டர் (பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச்) மூடுகிறது, சரி. விடாமல் டகடக என்றால் முதலில் 12 வோல்ட் பேட்டரியை அளக்க வேண்டும். ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும், 12.0-க்கு வந்துவிட்டால் சார்ஜ் இல்லை. இரட்டைக்கிளவியே இங்கே பழுதைக் காட்டிக்கொடுக்கிறது.

மன்னார்குடி:
டகரமும் மொழிமுதல் ஆகாதே.

கும்பகோணம்:
ஒலிக்குறிப்புக்கு அதைப் பார்க்க முடியாது, ஐயா.

நாகப்பட்டினம், பணிமனை:
'கரகர'வையும் சேர்க்கலாம். வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு. வேளாங்கண்ணிப் பக்கத்து உப்புக்காற்றில் அதில் துரு படிந்து இந்த ஒலி வரும். ஆளில்லாத சாலையில் எட்டுப் பத்து முறை அழுத்திப் பிடித்தால் போய்விடும். போகாவிட்டால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இறுகியிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.

திருவாரூர், தொழிற்பயிற்சி:
நேரமில்லை. பெரும்பான்மைப்படி 'ரீங்காரம்' போகிறது, முரல்வு அடைப்புக்குறிக்குள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு உறையிட்ட கேபிளைத் தொடக்கூடாது என்பதை மேலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். பழுது பார்க்குமுன் உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கக் கழற்றும் 'சர்வீஸ் பிளக்'குக்கும் சொல் இல்லை, அப்படியே விடுகிறேன்.

மன்னார்குடி:
போகட்டும். ஆனால் ஒன்று. இன்வெர்ட்டரால் மோட்டார்த் தண்டில் ஏறும் மின்னழுத்தம் பேரிங் வழியே பொறிபொறியாக இறங்கினால், உருளும் தடத்தில் ஆற்றுமணலில் காற்று போட்ட வரிபோல வரிவரியாகப் பள்ளம் விழுந்து பேரிங் ஒலிக்கிறது. தண்டை எர்த் செய்யும் பிரஷ் தேய்ந்திருக்க, பேரிங்கை மட்டும் மாற்றினால் பள்ளம் திரும்பவும் விழும். அந்த ஓர் ஒலிக்காவது 'அழுங்கல்' என்று எழுதுங்கள். அங்கே அரவமும் உண்டு, கேடும் உண்டு.