நியான் டெட்ராவோடு எந்தக் கெளுத்தி விடலாம்?

கேள்வி: 80 லிட்டர் மீன் தொட்டி. நியான் டெட்ரா, கப்பி என்ற சின்ன மீன்கள் இருக்கின்றன. அடியில் திரிய ஒரு கெளுத்தி வேண்டும். கடையில் ப்ளெக்கோவைக் காட்டுகிறார்கள், வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போது விரலளவு, பிறகு 30 செ.மீ. தாண்டும். பாசி தின்னத்தான் என்றால் பிரிசில்நோஸ் என்ற சின்ன வகை ப்ளெக்கோ போதும், சுமார் 12 செ.மீ.

இன்னொருவர்: என் ஓட்டு கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்திக்கு. ஆனால் ஒன்று போதாது, குறைந்தது ஆறு வேண்டும். தனியாக விட்டால் மூலையில் பதுங்கும். கூர்மையான கல்லை எடுத்துவிட்டு நைசான மணல் போடுங்கள், இல்லாவிட்டால் மீசை புண்ணாகும். மிச்சம்மீதியைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூழ்கும் தீனி தனியாகப் போடணும். திடீரென மேலே பாய்ந்து காற்றை விழுங்கும், பயப்படாதீர்கள், அதன் சுபாவம் அது.

கேட்டவர்: சரி, பிக்டஸ் கெளுத்தி? பார்க்க அழகாக இருக்கிறதே.

பதில்: அழகுதான். ஆனால் நியான் அதன் வாய்க்குள் அடங்கும் அளவு.