100 பாக ஆழத்துக்கு மேல் மீன் தெரியவில்லை: எக்கோ சவுண்டர் பழுதா?

கேள்வி (நாகை படகோட்டி): ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவிதான் எக்கோ சவுண்டர். ஆழம் 100 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) தாண்டினால் 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் திரையெங்கும் புள்ளி, கடல்தரையைக் காட்டும் கோடுகூட அறுந்து அறுந்து வருகிறது. நேற்று வலையை வீணாக இறக்கினோம். டீசல் செலவை நினைத்தால் வயிறு எரிகிறது.

பதில் 1: கருவியைக் குறை சொல்லாதீர்கள். அதிர்வெண் கூடக் கூடக் கடல்நீர் ஒலியை விழுங்கிவிடும். 50 கிலோஹெர்ட்சுக்கு மாற்றுங்கள். நெருங்கி நிற்கும் மீன்கள் ஒரே திட்டாகத் தெரியும், பரவாயில்லை.

பதில் 2: படகைக் கரையேற்றும்போது அடியைத் தடவிப் பாருங்கள் தம்பி. என் படகில் ஒலியை அனுப்பி வாங்கும் உணரியின் முகத்தில் கட்டைவிரல் தடிமனுக்குச் சிப்பி ஒட்டியிருந்தது. மரச்சில்லால் மெதுவாகச் சுரண்டினேன். உளி படவே கூடாது. அன்றிரவே பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தது.

பதில் 3: எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருவது. சுறாவுக்கு அது கிடையாது; மங்கலாகத்தான் தெரியும்.

நாகை படகோட்டி: 50-இல் தரை கிடைத்துவிட்டது. நன்றி அண்ணா. சிப்பியையும் பார்க்கிறேன்.