நண்பர்கள் காதலர்களாகும் இடத்தில் நாவல் நின்றுவிட்டது, உதவுங்கள்

ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் இரண்டு ஆண் ஆசிரியர்களின் காதலை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கணக்கு, இன்னொருவர் வரலாறு. ஏழு வருட நட்பு. திட்டமிட்ட 22 அத்தியாயங்களில் 13 முடிந்துவிட்டன. 14-வதில் கணக்கு வாத்தியாருக்குத் தன் மனசு பிடிபட வேண்டும். மூன்று மாதமாக அங்கேயே நிற்கிறேன்.

முதலில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சொல்வதுபோல எழுதினேன், சினிமாத்தனமாக இருந்தது. அப்புறம் வரலாற்று வாத்தியாருக்கு இடமாற்ற உத்தரவு வரவைத்தேன். சரி, பிரியும் பயத்தில் கணக்கு வாத்தியார் வாய் திறக்கிறார். ஆனால் அது காதலா, தனிமை பற்றிய பயமா என்று எனக்கே பிடிபடவில்லை. கதை சொல்பவரை மாற்றியும் பார்த்தேன். படித்த தோழி, "இதுவரைக்கும் வெறும் நண்பர்கள்தானே, திடீர்னு எப்படி?" என்றாள். நியாயமான கேள்வி.

எனக்கு உயிரோடு தெரிவது ஒரே காட்சி. ஆசிரியர் அறையில் இருவரும் விடைத்தாள் திருத்துகிறார்கள். கணக்கு வாத்தியாரின் சிவப்புப் பேனா தீர்ந்துபோகிறது. அவர் கேட்பதற்குள் மற்றவர் தன் பேனாவை மூடி கழற்றி நீட்டுகிறார், தாளிலிருந்து தலை நிமிராமலே. வாங்கியவரின் கை அடுத்த தாளுக்கு நகரவில்லை.

இருவரில் ஒருவரைச் சாகடிப்பதோ, ஊருக்காகக் கல்யாணம் செய்துவைப்பதோ கிடையாது. அதில் உறுதியாக இருக்கிறேன்.

இந்தப் பேனாக் காட்சியே திருப்பமாக நிற்க வேண்டுமென்றால், முதல் 13 அத்தியாயங்களில் எதை, எங்கே விதைக்க வேண்டும்?